வாசகர் கேள்வி - பதில்: கடைக் கம்ப்யூட்டரில் ‘கிராக்’

கேள்வி: தேங்காய் மண்டி நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர்கள். விண்டோஸ், டேலி எல்லாமே சர்வீஸ்காரர் ‘கிராக்’ போட்டுக் கொடுத்தவை. சின்னக் கடைதானே, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆள் வந்து கேட்பதற்கு முன்பே, லைசென்ஸ் வாங்காமலே மென்பொருளை ஓட வைக்கும் அந்த கிராக் ஃபைல் கெடுத்துவிடும். அதை ஓட்ட வேண்டுமென்றால் ஆன்டிவைரஸை அணைத்து, அட்மின் அனுமதியும் கொடுக்க வேண்டும். பிறகு உள்ளே எது வந்தாலும் தடுக்க ஆளில்லை. ‘ஸ்டாப்’ என்ற ரான்சம்வேர் பெரும்பாலும் இந்த வழியில்தான் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்டது; 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490. டேலி டேட்டாவோடு, எப்போதும் செருகியே வைத்திருக்கும் பென் டிரைவ் பேக்கப்பும் போய்விடும். எதையும் பூட்டாமல், பிரவுசரில் சேமித்த பேங்க், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மட்டும் திருடி அனுப்பும் ரகம் இன்னும் மோசம். பணம் போகும்வரை தெரியாது.

சட்டமும் சின்னக் கடையை விடாது. 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ அல்லாத பயன்பாடு என்றால் மட்டும் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். மண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. போட்டுக் கொடுத்தவர் வேறொருவர் என்றாலும், பயன்படுத்துவது நீங்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக இயங்குகிறது என்று காட்டினால் அது கிராக்தான். அது பெரிய நிறுவனங்கள் சொந்த சர்வர் வைத்துச் செய்வது. மண்டியில் அப்படியொரு சர்வர் ஏது?

டேலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் புது ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி வையுங்கள். கிராக்கை அன்இன்ஸ்டால் செய்தால் போதாது. முழு ஃபார்மட் அவசியம். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். கணக்கு எழுதுவது ஒரு கம்ப்யூட்டரில்தான் என்றால் டேலியின் ஒற்றைக் கம்ப்யூட்டர் லைசென்ஸான ‘சில்வர்’ ஒன்று போதும். கடிதம், பட்டியலுக்கு இலவச லிப்ரே ஆபீஸ். கேரள அரசுப் பள்ளிகளில், அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ இதுபோன்ற கட்டற்ற மென்பொருளில்தான் கற்றுத்தருகிறது. அங்கே படித்து வேலைக்கு வருபவர்களுக்கு அது கைப்பழக்கம்.

கேள்வி: ஆன்லைனில் 500 ரூபாய்க்கு வாங்கிய விண்டோஸ் கீ ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஒரிஜினல்தானே?
- வாசகர், நகரி

பதில்: ஆக்டிவேட் ஆனாலே உரிமை வந்துவிடாது. ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசென்ஸ் கீயைப் பிரித்து விற்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதை எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம். உங்கள் கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட பில்லோடு வாங்குங்கள். விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இல்லாமல், ஜிஎஸ்டி உள்ள பொருளை விற்பவரென்றால், அதிலுள்ள 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.