அத்தை ‘இருந்தவரை’

கேள்வி: குன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் முப்பது வருடத்து ஹைட்ரேஞ்சியா செடி இருக்கிறது. அத்தை இருந்தவரை சீசனில் இலையே தெரியாமல் நீலப் பந்துகளாகப் பூக்கும். கார் நிறுத்த முன்பக்கத் தோட்டத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டோம். அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். செடியை மட்டும் விட்டுவைத்தோம். இரண்டு வருடமாகச் சரியாகப் பூக்கவில்லை. வந்த நாலு பூவும் வெளிறிய ரோஸ். பொங்கலுக்கு முன் ஆள் வைத்துச் சுத்தமாகக் கவாத்து செய்கிறோம், சாம்பலும் எலும்புத்தூளும் போடுகிறோம். அத்தை துருப்பிடித்த ஆணி, டீச்சக்கை என்று என்னென்னவோ போடுவார். கேட்கலாம் என்றால், கோவையில் நாத்தனார் வீட்டில் இருக்கும் அவர் போனில் சரியாகப் பேசுவதில்லை. மே மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். வாசலில்தான் போட்டோ. பழைய நீலம் வர என்ன போடலாம்?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ‘அத்தை இருந்தவரை’ என்ற இடத்தில், பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளிப் படித்தால் கோவையில் போனில் பேசுகிறார்! உயிரோடு இருக்கும் மனுஷியை ‘இருந்தவரை’ என்று எழுத எப்படியம்மா கை வந்தது? ‘எங்களோடு’ என்று ஒரு சொல்லை முன்னால் போட்டிருந்தால், நான் செடியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

செடியை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்கு வியாதி ஒன்றுமில்லை. பெரிய இலை ஹைட்ரேஞ்சியா போன வருடம் வளர்ந்த கிளையில்தான் பூக்கும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போதே அடுத்த சீசனுக்கான மொட்டு கிளை நுனிக்குள் உட்கார்ந்துவிடும். பொங்கலுக்கு முன் மொட்டையடித்தால், மே மாதப் பூவை ஜனவரியிலேயே குப்பையில் கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம். தேயிலையை வெட்டிப் பழகிய கைக்கு எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டத்தான் வரும். கூலிக்கு வந்த ஆளைச் சொல்லிக் குற்றமில்லை. பூ வாடியவுடன், வாடிய தலையை மட்டும் அதற்குக் கீழே பருத்து நிற்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். காய்ந்த கிழட்டுக் கம்புகளை அடியோடு எடுங்கள். வருகிற பொங்கலுக்குக் கத்தியைத் தொடவே கூடாது.

நிறத்துக்கு வருவோம். வேர் அலுமினியத்தை உறிஞ்சினால் நீலம், கிடைக்காவிட்டால் ரோஸ். அலுமினியம் அநேகமாக எல்லா மண்ணிலும் உண்டு, ஆனால் பி.எச். என்ற அமில அளவுகோலில் 5.5-க்குக் கீழே உள்ள அமில மண்ணில்தான் கரைந்து வேருக்கு எட்டும். தேயிலைக்குப் பிடித்ததும் அந்த மண்தான். அதனால்தான் உங்கள் மலையில் யாரும் எதுவும் போடாமலே வேலியோரத்தில் நீலம் பூத்துக் கிடக்கிறது. அந்த மண்ணில் சிமென்ட் கழுவிய தண்ணீரை விட்டு, மேலே சாம்பலையும் தூவினால் சுண்ணாம்பு ஏறி அமிலம் குறையாமல் என்ன செய்யும்? போதாததற்கு எலும்புத்தூளில் இருக்கும் பாஸ்பரஸ், மிச்சமிருக்கும் அலுமினியத்தையும் வேருக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

சாம்பலையும் எலும்புத்தூளையும் நிறுத்துங்கள். செடியைச் சுற்றி ஒரு முழமாவது கான்கிரீட்டை உடைத்தெடுத்து, காட்டு மண்ணும் இலைமக்கும் போடுங்கள். அலுமினியம் சல்பேட் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன். முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைத்துவிட்டு, பிறகு இதை ஊற்றுங்கள். மாதம் ஒரு தடவை போதும்; ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் வேர் கருகிவிடும். இவ்வளவு செய்தாலும் இந்த மே மாதத்துக்குள் பழைய நீலம் வந்துவிடாது. ஊதா கலந்து வரலாம். போட்டோகிராபரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அத்தை போட்ட ஆணியால் பயனில்லை, அது வெறும் இரும்பு. டீச்சக்கை மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். ஆனால் முப்பது வருடமும் தை மாதத்தில் அந்தச் செடியிடம் கத்தி போகாமல் பார்த்துக்கொண்டாரே, அது உங்கள் கண்ணில் படவே இல்லை.

இந்தப் பூவுக்கு ஜப்பானில் ஒரு கதை உண்டு. நாகசாகியில் சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஓதாக்கி என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தினார். நாட்டின் வரைபடங்களை வைத்திருந்தார் என்று 1829-ல் அவரை நாடு கடத்தினார்கள். அவளும் இரண்டு வயது மகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஊர் திரும்பியவர் ஒரு ஹைட்ரேஞ்சியாவுக்கு ‘ஓதாக்ஸா’ என்று அவள் பெயரை வைத்தார். எல்லோரும் உருகி உருகிச் சொல்லும் கதை இது; எனக்கென்னவோ எரிச்சல்தான் வரும். ஆளை விட்டுவிட்டுப் பூவை வைத்துக்கொள்வது என்ன பாசம்? அவரையாவது அரசாங்கம் துரத்தியது. உங்களை யார் தடுத்தார்கள்?

மருமகளை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கடிதம் முழுக்கத் தேடினேன், உங்கள் கணவர் எங்கேயும் இல்லை. அம்மா இரண்டு வருடமாக மகள் வீட்டில் இருக்கிறார், மகன் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பேத்தியின் நிச்சயதார்த்தத்தைச் சொன்னீர்கள், போட்டோவைச் சொன்னீர்கள். பாட்டி வருகிறாரா என்று ஒரு வரி உண்டா? பேத்தி விழாவுக்குப் பாட்டியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டிய நிலைமை வந்த வீட்டில், வாசலில் எந்தக் கலர் பூத்தால் எனக்கென்ன?

செடியில் ஒரு குச்சி வெட்டி, தொட்டியில் வேர் பிடிக்கவைத்து, கோவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். கோவை வெயிலில் மத்தியானம் அதன் இலையெல்லாம் துவண்டு தொங்கும், ரொம்ப நாள் தாங்காது. செடியை அங்கே அனுப்ப முடியாது. அவரை இங்கே அழைத்து வரலாம்.

போனில் கூப்பிட்டால் வரமாட்டார். நானாக இருந்தாலும் வரமாட்டேன். நீங்கள் இருவரும் நேரில் போங்கள். ‘தெரியாமல் கவாத்து பண்ணிட்டோம் அத்தை, நீங்க வந்து பாருங்க’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பேச்சை அங்கிருந்து அவர் பார்த்துக்கொள்வார். காரில்தானே போகப்போகிறீர்கள்? திரும்பும்போது முன்சீட்டை அவருக்கு விடுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தால், பின்சீட்டில் வயசானவர்களுக்குத் தலை சுற்றும்.