கணவாய் ஏறும் சைக்கிளுக்கு எந்தக் கியர்?

கேள்வி: எனக்கு வயது 41. சமவெளியில் ஒரே நாளில் 120 கிலோமீட்டர் ஓட்டுவேன். அடுத்த கோடையில் கூடாரமும் பைகளும் கட்டிக்கொண்டு 4,000 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்களை 12 நாளில் கடக்கத் திட்டம். ஒத்திகையாக ஒரு மலைச் சாலையில் ஏறிப் பார்த்தேன். மூன்றாவது மணி நேரத்தில் முழங்காலின் முன்புறம் வலி எடுத்தது. இறங்கும்போது ரிம் தொட முடியாத அளவுக்குச் சுட்டது, விரல்கள் மரத்துப்போயின. ரிம் பிரேக்தான். முன்னால் பெடல் பக்கம் 50/34, பின்சக்கரத்தில் 11–32 பற்கள். நான், சைக்கிள், சுமை மூன்றும் சேர்த்து 105 கிலோ. என்ன உடற்பயிற்சி செய்தால் தேறுவேன்?

பதில்: உடற்பயிற்சியைப் பிறகு பார்க்கலாம். 120 கிலோமீட்டர் ஓட்டுகிற கால் நல்ல கால்தான். உங்கள் முழங்காலைப் பதம் பார்த்தது முன்னால் இருக்கும் அந்த 34 பல் சக்கரம்.

கணக்கைப் பாருங்கள். 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயர்கிற சாலை மலையில் சாதாரணம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு, 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பக்கமாக ஏறினால், 24 கிலோமீட்டரில் சுமார் 1,800 மீட்டர் உயர வேண்டும். சராசரியே ஏழரை சதவீதத்தை ஒட்டி வருகிறது. 8 சதவீத ஏற்றத்தில் 105 கிலோவை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்த ஏறக்குறைய 150 வாட் தேவை. மணிக்கணக்கில் அதற்கு மேல் கொடுப்பது பெரும்பாலானோருக்கு ஆகாது. ஆக, வேகம் 6 என்று மலையே முடிவு செய்துவிடுகிறது. அந்த வேகத்தில் உங்கள் ஆகச் சிறிய கியரில் பெடல் நிமிடத்துக்கு 44 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் சராசரியாக 19 கிலோவுக்குக் குறையாத அழுத்தம், மணிக்கு 2,600 சுற்றுக்கு மேல். அதே வேகத்தில், முன்னால் 22 பல், பின்னால் 36 பல் இருந்தால் நிமிடத்துக்கு 76 சுற்று. அழுத்தம் 11 கிலோவுக்கு இறங்கிவிடும். வேலை ஒன்றுதான். முழங்கால் படுகிற பாடு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

இது தாழ்வான மலைக்கான கணக்கு. 4,500 மீட்டரில் உங்கள் திறனில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வேகம் நாலரைக்கு வந்தால் இப்போதைய கியரில் நிமிடத்துக்கு 33 சுற்று. அதை மிதிப்பது என்று சொல்ல முடியாது, படியேறுவதுதான். எனவே முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் 0.65-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 1.06. மலைச் சைக்கிள்களில் முன்பு பரவலாக வந்த மூன்று அடுக்கு முன்பல்சக்கரம் இதற்குப் பழைய, நம்பகமான வழி. ஆனால் பல்சக்கரத்தை மட்டும் வாங்கி மாட்டிவிட முடியாது. செயினைப் பல் மாற்றிவிடும் பின் டீரெய்லர் அவ்வளவு பெரிய பல்லுக்கு எட்டுமா, செயின் நீளம் போதுமா, கியர் மாற்றும் லீவர் ஒத்துப்போகுமா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். செலவு செய்ய ஒரே ஒரு பொருளுக்குத்தான் வசதி என்றால், என் தேர்வு இதுதான். இலகுவான சீட், விலையுயர்ந்த ஷூ எல்லாம் பிறகு.

ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். செங்குத்தான வளைவில் உட்புறம் ஒட்டி ஏறாமல் வெளிப்புறமாகச் சுற்றினால் சரிவு குறையும். எதிரே வண்டி வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும். இறங்கித் தள்ளுவதிலும் தவறில்லை. 12 சதவீத ஏற்றத்தில் மிதிக்கிறவரும் தள்ளுகிறவரும் ஒரே நேரத்தில்தான் மேலே போய்ச் சேர்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று உயரம். எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உடல் பழக நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் வழிகாட்டுதல். பகலில் அதைவிடச் சற்று உயரம் தொட்டுவிட்டு இறங்கலாம், படுக்கிற இடம்தான் முக்கியக் கணக்கு. சைக்கிளில் மெதுவாகத்தானே போகிறோம் என்ற தைரியம் இங்கே ஏமாற்றும். மத்திய ஆசியாவின் பாமீர் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஷ் நகரம் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி, 3,100 மீட்டருக்கு மேல் சரி-தாஷ். பலமான கால் இரண்டே நாளில் அங்கே கொண்டுபோய்விடும். அடுத்து 3,900 மீட்டருக்கு மேல் கராகுல் ஏரி, அதையும் தாண்டி 4,655 மீட்டரில் அக்-பைத்தால் கணவாய். கால் சொல்கிற வேகத்தில் போனால், உடல் பழகும் முன்பே கராகுலில் கூடாரம் அடித்திருப்பீர்கள்.

தலைவலி, குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, தூக்கமின்மை இவை முதல் அறிகுறிகள். அன்று மேலே ஏறக் கூடாது. ஒருமுறை 4,000 மீட்டருக்கு மேல் ஒரு முகாமில், கூட வந்த நண்பர் கூடாரக் கயிற்றில் முடிச்சுப் போட முடியாமல் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டால் "லேசான தலைவலி" என்றார். சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல், குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். பத்தடிக்குள் மூன்று முறை கோட்டை விட்டு விலகினார். மூளை வீங்குவதன் அடையாளம் அது. விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. வந்த லாரியை நிறுத்தி 800 மீட்டர் கீழே இறக்கினோம். காலையில் தேநீர் கேட்டுக் குடித்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமலோடு நுரை வந்தாலும் இதே அவசரம்தான். அது நுரையீரலில் நீர் கோப்பது. உயரத்துக்கு உடல் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் மருத்துவரிடம் பேசுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அறிகுறி வந்த பிறகும் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இனி இறக்கம். 105 கிலோ, 1,000 மீட்டர் கீழே வரும்போது வெளிவரும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது, மீதி ரிம்மில் இறங்குகிறது. பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே, மணிக்கு 20 கிலோமீட்டரில் பயந்து பயந்து இறங்குபவர்களுக்குத்தான் ரிம் அதிகம் சுடும், ஏனென்றால் காற்றுக்குப் போகிற பங்கு மிகக் குறைவு. சூட்டில் டியூபின் அழுத்தம் ஏறும், பஞ்சர் ஒட்டின் பசை இளகும், முன்சக்கரம் வளைவில் வெடித்தால் தப்பிப்பது கடினம். முன்சக்கரத்தில் ஒட்டுப் போட்ட டியூபோடு கணவாய் இறங்காதீர்கள்.

நேரான, சுத்தமான சாலையில் வண்டியை ஓடவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து மார்பைக் காற்றுக்குக் கொடுங்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வெளிப்புறப் பெடல் கீழே, பார்வை வளைவு முடிகிற இடத்தில். சரளைச் சாலையில் இதெல்லாம் நடக்காது. அங்கே மெதுவாகவே இறங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக்குக்கு மாறினால் டியூப் பயம் போய்விடும், ஆனால் தகடு கையைப் பொசுக்கும், அதன் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. எந்த பிரேக்கானாலும் கூடுதல் கட்டைகள் இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். மழையும் மணலும் சேர்ந்தால் ஒரே நாளில் தேய்ந்துவிடும்.

வேகத்தில் ஹேண்டில்பார் தானாக ஆடத் தொடங்கினால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்காலாலும் மேல் குழாயைக் கவ்வி, பின் பிரேக்கை மெல்லப் பிடியுங்கள், அடங்கும். பெரும்பாலும் சுமை முழுவதும் பின்னால், உயரத்தில் கட்டியிருப்பதால் வருகிற ஆட்டம் இது. கனமான பொருள்கள் தாழ்வாக, கொஞ்சம் முன்சக்கரத்துக்கும் பகிர்ந்து இருக்க வேண்டும்.

உங்கள் விரல் மரத்ததற்கு பிரேக்கைப் பிடித்தது பாதிக் காரணம், ஈர உடை மீதிப் பாதி. கணவாய் உச்சியில் படம் எடுக்கும் முன்பே வியர்வையில் நனைந்த உள்சட்டையைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, மேலே காற்று புகாத சட்டையும் முழு விரல் கையுறையும் மாட்டிக்கொள்ளுங்கள். குளிரில் விறைத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது.

உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டர் போனாலும் டயரின் அழுத்தம் கூடுவது 7 பிஎஸ்ஐக்குள்தான், அதிலும் ஒரு பகுதியைக் குளிர் குறைத்துவிடும். பின்சக்கரத்துக்குப் பொருந்தும் ஸ்போக்ஸ் நான்கும், டீரெய்லர் தொங்கும் கொக்கி ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள், அவை வழியில் கிடைக்காது.

12 நாள் போதாது. 15 ஆக்குங்கள், முடியாவிட்டால் ஒரு கணவாயைக் கைவிடுங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே புதிய கியரை மாட்டி, அதே சுமையை அப்படியே கட்டிக்கொண்டு அந்த ஒத்திகை மலையில் மறுபடி ஏறி இறங்குங்கள். அப்போதும் முழங்கால் வலித்தால் சீட்டை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். சீட் தாழ்ந்திருந்தாலும் முழங்காலில் அதே இடத்தில்தான் வலிக்கும்.