ஓவியத்தைப் போட்டோ எடுப்பது: கேட்டதும் சொன்னதும்

நாகர்கோவிலில் ஓவியர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவன் நான். இணையவழி ஓவியப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றில் சில, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு இங்கே.

தக்கலை: சார், எந்த போன் வாங்கினால் ஓவியம் நன்றாக விழும்?

கையில் இருப்பதே போதும். காசு இருந்தால் ஒரு ஸ்டாண்ட் வாங்குங்கள்.

குலசேகரம்: அண்ணே, மொட்டைமாடியில் நல்ல வெயிலில் வைத்து எடுத்தேன். வண்ணம் வெளுத்து, தாளின் சொரசொரப்பு மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. மேகத்துக்குக் காத்திருக்கணுமா?

காத்திருக்க நமக்கென்ன கஷ்டம்? ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று மூடிய வானத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. மேகம் மூடினால் வானம் முழுக்க ஒரே விளக்கு, நிழலே விழாது. வெயில் நாள் என்றால் வராந்தா நிழல் போதும். ஆனால் சுற்றிலும் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். பச்சைச் சுவர், சிவப்புத் தரை, முற்றத்து வாழை எல்லாமே தன் நிறத்தைத் தாளில் கொஞ்சம் பூசிவிடும்.

பட்டுத் தெரிந்துகொண்டதுதான். கடைசி தேதி அன்று, மழைக்கு இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வாட்டர்கலரை எடுத்தேன். வரைந்தவர் பார்த்துப் பார்த்துப் பூசிய மஞ்சள் மணல், சிமெண்ட் தரை மாதிரி வந்தது. அவசரத்தில் அப்படியே அனுப்பியும் விட்டோம். இன்றும் அவர் எதிரே வந்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இப்போதெல்லாம் ஓவியத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்வேன். எடிட் செய்யும்போது அந்தத் தாள் வெள்ளையாகும்வரை சரிசெய்தால், மற்ற வண்ணங்களும் பெரும்பாலும் தன் இடத்துக்கு வந்துவிடும்.

திருவட்டாறு: மாத்தூர் தொட்டிப்பாலம் வரைந்தேன். போட்டோவில் பாலம் வில்லாக வளைந்து, ஓரத்துத் தூண்களும் சாய்ந்து நிற்கின்றன. என் கோடுதான் கோணலா?

உங்கள் கோட்டில் குற்றமில்லை. இதில் இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. பாலம் வளைவது கிட்டே போய் எடுத்ததால். போன் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது, ஓரத்து நேர்க்கோட்டை வளைத்துவிடும். இரண்டு மூன்று அடி பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். 0.5 ஜூம் பக்கமே போகாதீர்கள்.

தூண் சாய்வது, போனும் ஓவியமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததால். ஸ்டாண்டில் போனை வைத்துவிட்டு, ஓவியத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தட்டையாக ஒட்டிப் பிடியுங்கள். திரையின் நட்டநடுவில் போனின் லென்ஸே தெரிந்தால் சரியாக நிற்கிறது என்று அர்த்தம். கண்ணாடியை எடுத்துவிட்டு, 2 நொடி டைமர் வைத்து எடுங்கள். ஓரமாகத் தெரிந்தால் போனைத்தான் நகர்த்த வேண்டும், ஓவியத்தை அல்ல.

கருங்கல்: பகலில் வேலை. இரவில் டியூப்லைட்டில் எடுக்கலாமா?

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரே கடையில், ஒரே கம்பெனியில், ஒரே மாதிரி இரண்டு வெள்ளை எல்இடி பல்பு வாங்கி, இரு பக்கமும் 45 டிகிரியில், ஒரே தூரத்தில் வையுங்கள். ஓவியத்தின் நடுவில் ஒரு பென்சிலைக் குத்திட்டுப் பிடித்தால் இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே கருமையில் இருக்கும்வரை விளக்கை நகர்த்துங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

தோவாளை: பூச்சந்தையை அக்ரிலிக்கில் வரைந்தேன். செவ்வரளிக் குவியல் மட்டும் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறது.

அடர்ந்த சிவப்பில் கேமரா பதிவுசெய்யும் சிவப்பின் அளவு சீக்கிரம் நிரம்பிவிடும், அப்புறம் இதழ் எது நிழல் எது என்று அதற்குத் தெரியாது. திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள். பென்சில் படக்காரர்களுக்கு நேர் எதிர்: வெள்ளைத் தாளைக் கேமரா சாம்பலாக்கும், அதனால் வெளிச்சத்தை ஏற்ற வேண்டும்.

குளச்சல்: எண்ணெய் வண்ணப் படம், கடலெல்லாம் பளபளவென்று வெள்ளைப் புள்ளி.

எதிரே இருக்கும் வானம்தான் அதில் தெரிகிறது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி திருப்பி, மறுபக்கம் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்துங்கள். வார்னிஷ் பூசும் எண்ணம் இருந்தால், பூசுவதற்கு முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மார்த்தாண்டம்: கண்ணாடிச் சட்டத்தோடு எடுக்கலாமா?

கழற்றுங்கள். முடியாதென்றால் உங்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள்.

அதற்கு ஸ்கேன் செய்துவிடலாமே, சார்?

ஏ4 அளவுத் தாளில் பேனாவால், மையால் வரைந்த கோட்டுப் படத்துக்குச் சரி. வாட்டர்கலரின் மெல்லிய பூச்சு பலமுறை காணாமல் போகிறது. பேஸ்டலையும் கரியையும் ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் தேய்ந்துவிடும்.

ஆற்றூர்: 300 டிபிஐ கேட்கிறார்கள், என் படம் 72 என்று காட்டுகிறது.

பயப்படாதீர்கள், அது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அச்சுக்கான கணக்கு. 3000 பிக்சல் நீளமுள்ள படம் 300 டிபிஐயில் 10 அங்குலம் வரும். எண்ணை எடிட்டரில் மாற்றிக்கொள்ளலாம், பிக்சல் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

வண்ணத்தைக் கொஞ்சம் கூட்டினால் தப்பா? கையெழுத்து தெரியலாமா?

ஓவியத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குச் சமமாகும்வரை கூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அசலைக் கொண்டுவரச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். கையெழுத்துக்கு விதிமுறையைப் பாருங்கள். பெயர் தெரியக் கூடாது என்றிருந்தால், கோப்புக்கு வைத்த பெயரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்து மாற்றிவிடுங்கள்.