முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தினமும் வேலைக்கு 40 கிலோமீட்டர் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை நண்பர்களோடு மணல், பாறை, காட்டுப் பாதை என்று போக ஆசை. சுசுகி ஜிம்னி, மஹிந்திரா தார், ஜீப் ராங்ளர் மூன்றில் எது நல்லது?

மூன்றும் உண்மையான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்தான். மூன்றிலும் லேடர் ஃபிரேம் (வண்டியின் உடலைத் தாங்கும் ஏணி வடிவ இரும்புச் சட்டம்) உண்டு, லோ ரேஞ்ச் கியர் (மிக மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவும் கியர்) உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 40 கிலோமீட்டர்தான். மாதத்தில் ஒரு நாள் பாறை, மற்ற நாளெல்லாம் தார்ச்சாலை. அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

ஜிம்னியிலிருந்து தொடங்கலாம். 1970-இல் வந்த பெயர். 2018-இல் வந்தது நான்காம் தலைமுறை. முன்னும் பின்னும் திட ஆக்ஸில் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே உறுதியான தண்டு), காயில் ஸ்பிரிங். மூன்று கதவு வண்டியின் எடை சுமார் 1,100 கிலோதான். இந்த எடை குறைவை விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் சேற்றில் நிற்கும்போது அதைவிடப் பெரிய வரம் வேறு இல்லை. இரண்டு டன் வண்டி புதையும் இடத்தில் இது மேலாகவே ஓடிவிடும். மாட்டினாலும் மண்வெட்டியும் இரண்டு ஆட்களும் போதும். மூன்று கதவு வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,250 மில்லிமீட்டர், திரும்பும் ஆரம் 4.9 மீட்டர். நெருக்கமான சந்திலும் மரங்களுக்கு நடுவிலும் அது வளைவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

சிரமம் எங்கே என்றால், நெடுஞ்சாலையில். 1.5 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, சுமார் 130 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). லாரியை முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் ஆடும். பின் சீட்டை நிமிர்த்திவிட்டால் மூன்று கதவு வண்டியில் சாமான் வைக்க 85 லிட்டர் இடம்தான். ஒரு பெரிய பையோடு சரி. 2023-இல் வந்த ஐந்து கதவு வண்டியில் அது 208 லிட்டர். ஆனால் வீல்பேஸ் 2,590 ஆகிவிட்டதால், மேடு ஒன்றைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் இருக்கும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கிவிட்டது.

2020-இல் வந்த தாரில் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்), பின்பக்கம் திட ஆக்ஸில். இந்தக் கலவையால் சாலையில் ஸ்டீயரிங் கொஞ்சம் நிதானமாக இருக்கும். டர்போ எஞ்சின் என்பதால் முந்துவதில் கவலை இல்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஜிம்னியைவிட அகலம், ஜிம்னியைவிட கனம். பின் சீட்டில் உட்காருபவர் மேடு பள்ளத்தில் குலுங்குவார், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ராங்ளரில் ரூபிகான் என்ற வகையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் லோ ரேஞ்ச் 4:1. ஜிம்னியில் இது 2:1 அளவு. அதாவது, ஒரே கியர், ஒரே எஞ்சின் வேகம், ஆனால் ரூபிகானின் சக்கரம் ஹை ரேஞ்சில் ஓடுவதில் கால் பங்கு வேகத்தில்தான் உருளும். பாறை மேல் ஏறும்போது அங்குலம் அங்குலமாக, கிளட்ச் கருகாமல், பிரேக்கைத் தொடாமல் போகலாம். முன்னும் பின்னும் லாக்கர் (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகச் சுழலப் பூட்டும் கருவி). முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) ஒரு சுவிட்சில் கழற்றிவிடலாம். சக்கரம் பள்ளத்துக்குள் இன்னும் தாழ இறங்கும். பாறைக்கென்றே கடையிலிருந்து அப்படியே ஓட்டி வரக்கூடிய வண்டி. ஆனால் அதை ஓட்டித் தினமும் வேலைக்குப் போவதென்றால் டயர் இரைச்சல், காற்று இரைச்சல், தாகமான எஞ்சின் மூன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தனியாகவோ இருவராகவோ போகிறீர்கள், சாலை பெரும்பாலும் ஊருக்குள் என்றால் ஜிம்னி. நெடுஞ்சாலை அதிகம் என்றால் தார். பாறைதான் உயிர் என்றால் மட்டும் ரூபிகான். என் கைப்பணமாக இருந்தால், நீங்கள் சொன்ன கணக்குக்கு ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துவிட்டு மிச்சத்தை நல்ல டயரில் போடுவேன்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டியை எப்போதும் 4H-இலேயே, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையிலேயே, ஓட்டினால் பாதுகாப்புதானே? என் அண்ணன் அப்படித்தான் ஓட்டுகிறார்.

அண்ணனை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஜிம்னி, தார் போன்றவை பார்ட் டைம் வகை, தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைப்பவை. 4H போட்டதும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டிப்போடப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின் சக்கரங்கள் சின்ன வட்டத்தில் போகும். மண்ணிலோ பனியிலோ டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும், விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி விக்கும். அதுதான் அந்த முறுக்கு.

முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் சென்டர் டிஃபரென்ஷியலை நடுவில் வைத்த வண்டிகள் வேறு. டொயோட்டா லேண்ட் குரூசர் 300, லாடா நிவா எல்லாம் நிரந்தரமாக நான்கு சக்கரத்திலும் ஓடுபவை. மிட்சுபிஷி பஜேரோவில் 1991-இலிருந்து வந்த சூப்பர் செலக்ட் இரண்டையும் கொடுத்தது: மழைச் சாலையில் 4H, தேவையில்லாதபோது இரு சக்கரம் மட்டும் இழுக்கும் 2H, சேற்றில் அந்த நடு டிஃபரென்ஷியலைப் பூட்டும் சென்டர் லாக். இத்தனை வருடம் ஓட்டியதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாளில் லீவரை மாற்றவா வேண்டாமா என்ற யோசனையே இருக்காது.

கேள்வி: இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட வேண்டும். வீட்டுக்கு வரும் கடைசி அரைக் கிலோமீட்டர் மண் பாதை, மழையில் சேறாகிவிடும். லேடர் ஃபிரேம் வண்டி இருந்தால்தான் முடியும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை சகோதரி. அரைக் கிலோமீட்டர் சேற்றுக்காக நாள் முழுக்கக் கனமான, ஏறி இறங்கச் சிரமமான வண்டியைக் குழந்தைகளோடு ஓட்ட வேண்டாம். சுபாரு ஃபாரஸ்டர் போன்ற மோனோகாக் (தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக இருக்கும்) ஆல் வீல் டிரைவ் வண்டி உங்களுக்குப் போதும். 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கிறது, எந்தப் பொத்தானையும் தொடாமல் நான்கு சக்கரமும் இழுக்கும், வளைவில் காரைப் போலவே நிற்கும். லோ ரேஞ்ச் கிடையாது. செங்குத்தான ஏற்றத்தில் பாறை மேல் ஏற்ற முடியாது. உங்கள் பாதையில் பாறை இல்லை.

ஒன்று மட்டும்: சேறு முழங்கால் ஆழம் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதில் மாறும்.

கேள்வி: புது வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கும்போது லாக்கர் எதற்கு, ஐயா?

தம்பி, இதைக் கண்ணால் பார்த்தால்தான் நெஞ்சில் பதியும், முடிந்தவரை எழுத்தில் காட்டுகிறேன். குறுக்கே இரண்டு பள்ளங்கள், வண்டி மூலைவிட்டமாக நிற்கிறது. இடது முன் சக்கரம் அந்தரத்தில், வலது பின் சக்கரம் அந்தரத்தில். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். காற்றில் தொங்கும் இரண்டு சக்கரமும் சும்மா சுற்றுகின்றன, டயர் பள்ளத்தில் ஒட்டியிருந்த ஈர மண் கதவு வரை தெறிக்கிறது. மண்ணில் அழுந்தி நிற்கும் மற்ற இரண்டும் அசையவே இல்லை. இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு விசைதான் கொடுக்கும். தொங்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை, ஆகவே அழுந்திய சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் போகாது.

டிராக்‌ஷன் கன்ட்ரோல், சுற்றும் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கிறது. அந்தச் சக்கரத்தைச் சுற்ற இப்போது விசை தேவைப்படுகிறது, அதே அளவு எதிர்ப்பக்கத்துக்கும் போகிறது, வண்டி நகர்கிறது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முதலில் சக்கரம் கொஞ்சமாவது சுற்றினால்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடேறும். லாக்கர் அப்படியல்ல, இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியாகப் பூட்டிவிடும், சுற்றுவதற்கு முன்பே தயார். ஆனால் லாக்கர் போட்டபடி ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும். தடையைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

பழக ஆரம்பிப்பவருக்கு நல்ல டிராக்‌ஷன் கன்ட்ரோல் தாராளம். மிதித்த காலை எடுக்காமல் இரண்டு நொடி பொறுத்திருங்கள், பிரேக் கடிக்கும் சத்தம் கேட்கும், வண்டி ஏறும். பலர் அந்த இரண்டு நொடி பொறுக்காமல் காலை எடுத்துவிட்டு வண்டியைக் குறை சொல்கிறார்கள்.

கேள்வி: புது லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மோனோகாக் ஆகிவிட்டதே, அது இனி ஆஃப் ரோடு வண்டியா?

ஆம். 2019-இல் அறிமுகமானபோது எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, ஓட்டியதும் போய்விட்டது. ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தினால் கிரவுண்ட் கிளியரன்ஸ் 291 மில்லிமீட்டர், தண்ணீரில் 900 மில்லிமீட்டர். சாலையில் சொகுசான கார். என் தயக்கமெல்லாம் தொலைவில், உதவி கிடைக்காத இடத்தில் சென்சாரும் ஏர் பையும் பழுதானால் என்ன செய்வது என்பதுதான். அப்படிப்பட்ட இடங்களில் 1984-இல் வந்த லேண்ட் குரூசர் 70 இன்னும் விற்கிறது என்றால் காரணம் இருக்கிறது: சுத்தியும் ஸ்பானரும் வைத்திருப்பவர் அதை வீடு கொண்டுவந்து சேர்ப்பார். தினசரிக்கு அது லாரி மாதிரி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கேள்வி: பழைய வண்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். கையில் டார்ச். லேடர் ஃபிரேமின் உட்புறம், பின் சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், அங்கேதான் துரு குடியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பிறகு டிஃபரென்ஷியல் எண்ணெய். விற்பவர் சம்மதித்தால் மேல் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்து இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நெடுந்தூரம் ஓட்டி வந்த சூட்டோடு ஓர் ஆற்றில் வண்டியை இறக்கினேன். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதற்காகத்தான் பிரீதர் குழாய் என்று ஒன்று வைத்து அதை எஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். என் வண்டியில் அந்தக் குழாய் அறுந்து கிடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஆற்றைக் கடந்தபின் எண்ணெயையும் பார்க்கவில்லை. சில வாரத்தில் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊளை. 60 கிலோமீட்டர் வேகத்தில் கேட்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். திறந்தபோது பேரிங் முழுவதும் துருப்புள்ளி. ஐந்து நிமிட வேலையைச் செய்யாததற்கு ஒரு டிஃபரென்ஷியல் போனது. இப்போது தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிடம் வண்டியை ஆறவிடுகிறேன். கரையேறியபின் எண்ணெய் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை.

கேள்வி: 33 அங்குல மட் டெர்ரெய்ன் (சேற்றுக்கான) டயர் போடலாமா?

பெரிய டயர் உயரம் தரும், உண்மை. திட ஆக்ஸில் வண்டியில் டிஃபரென்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்த வேறு எளிய வழி இல்லை. ஆனால் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் உயரம் ஒரு அங்குலம்தான் கூடும். அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், பிரேக்குக்குச் சுமை, எஞ்சினுக்குச் சுமை. மட் டெர்ரெய்ன் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்க அதிக தூரம் எடுக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ஆல் டெர்ரெய்ன் (எல்லாப் பாதைக்குமான) டயர் போதும், கம்பெனி அளவிலேயே.

அதைவிட ஒரு பிரஷர் கேஜும் சின்ன ஏர் கம்ப்ரெஸ்ஸரும் வாங்குங்கள். சாலையில் 32 பிஎஸ்ஐ என்றால் மணலில் 18-க்கு இறக்குங்கள். டயர் பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கும், ஆனால் தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில்தான் அதிகம் கூடும். பத்து மீட்டர் போக முடியாமல் புதைந்த வண்டி அதே மணலில் மிதந்து போவதைக் கண்டு முதல் முறை வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். சாலை ஏறுமுன் மறக்காமல் காற்று நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும்.

கேள்வி: மாட்டிய வண்டியை இழுக்க, பின்னால் இருக்கும் டோ பால் குண்டில் கயிறு மாட்டலாமா?

கூடாது. டிரெய்லர் இழுக்கும் அந்த இரும்புக் குண்டு திடீர் இழுப்புக்குச் செய்யப்பட்டதல்ல. முறிந்தால் கயிற்றின் வேகத்தோடு கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஃபிரேமில் போல்ட் போட்டுப் பொருத்திய, தாங்கும் எடை குறித்த ரிகவரி கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கயிறு இறுகுமுன் எல்லோரையும் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்துக்கு விலகி நிற்கச் சொல்லுங்கள், செல்பேசியில் படம் எடுப்பவரையும் சேர்த்து.