ஐந்து வயசுக் குதிரைக்குப் பல்லில் கோடு ஏது?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கோவைக்குப் பக்கத்தில் ஒரு மையத்தில் ஆறு மாதமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். சொந்தக் குதிரை இருந்தால்தான் முன்னேற முடியும் என்கிறார் பயிற்சியாளர். ஒரு தரகரையும் அவரே அழைத்து வந்தார். மார்வாரி ஆண் குதிரை, 5 வயது, சுழி சுத்தம், விலை இரண்டரை லட்சம். அந்த மையத்தின் லாயத்திலேயே விட்டுக்கொள்ள மாதம் 15,000 ரூபாய், தீவனம் உட்பட. வாங்கலாமா டாக்டர்? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
- வாசகர், திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள். இந்தக் குதிரை மட்டுமல்ல, இந்த வருஷம் எந்தக் குதிரையும் வேண்டாம்.

படங்களில் ஒன்றில் தரகர் குதிரையின் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். முன்பல் வரிசையின் கோடியில் இருக்கும் பல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈறிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கீழே இறங்குகிறது. அந்தக் கோடு ஏறக்குறைய 10 வயதில்தான் ஈறோரம் தலைகாட்டும், 15 வாக்கில் பாதிப் பல்லுக்கு வரும். படத்தில் பாதியை நெருங்கிவிட்டது. கணக்கு தோராயம்தான், ஒன்றிரண்டு வருஷம் முன்பின் ஆகலாம். ஆனால் 5 வயதுக் குதிரைக்கு அந்தக் கோடே இருக்காது.

வயது கூடியிருப்பது குறையில்லை. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயதுக் குதிரைதான் நல்லது. கூட்டமும் ஹார்ன் சத்தமும் பழகியிருக்கும், பிள்ளை தப்பாகக் கடிவாளத்தை இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். உங்களிடம் கேட்பதோ 5 வயதுக் குதிரையின் விலை. வயதில் பொய் சொன்னவர் காலைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் மட்டும் உண்மை சொல்வாரா? போதாததற்கு இது காயடிக்காத ஆண். பக்கத்து லாயத்தில் பெட்டை ஒன்று பருவத்துக்கு வந்தால், 12 வயதுப் பிள்ளையின் கைக்கு அடங்காது. சுழியைப் பார்க்காதீர்கள். அது மயிரின் போக்கு. அதை வைத்துக் குணத்தைத் தீர்மானிக்க முடியாது.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் இன்றும் இருக்கிறது. விற்பவரும் தரகரும் முடித்த விலை வாங்குபவர் காதுக்கு வருவதில்லை. நடுவில் நிற்கும் தொகையில் பயிற்சியாளருக்கும் பங்கு இருக்கலாம். பல வருஷங்களுக்கு முன் ஒரு சந்தையில் வாங்கிய குதிரையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வாங்கிய அன்று குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் அசையாமல் நின்றதாம். மூன்றாம் நாள் நான் போனபோது கொட்டகைத் தகரத்தை உதைத்துக் கிழித்திருந்தது. முன்னங்கால் நொண்டலும் வெளியே வந்திருந்தது. மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் அப்புறம் குதிரைப் பக்கமே போகவில்லை.

அதனால் எந்தக் குதிரையானாலும் இரண்டு தடவை பாருங்கள், இரண்டாம் தடவை சொல்லாமல் போங்கள். கல் பாவிய தரையில் நேராக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே தூக்கும். மருத்துவரை நீங்களே கூட்டிப்போங்கள், விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு மகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள், அவ்வளவு குதிரைகளை ஒரே இடத்தில் பார்ப்பது நல்ல படிப்பு. பணத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இனி லாயம். "தீவனம் உட்பட" என்றால் என்ன தீவனம், எத்தனை கிலோ? உங்கள் கடைசிப் படத்தில் குதிரை முன்னால் கிடப்பது சூப்பர் நேப்பியர். மாட்டுக்கு அது நல்ல புல். குதிரைக்கு அசை போடும் வயிறு கிடையாது. அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பை அசை போடும் வயிறு சிதைத்துவிடும். குதிரைக்கோ அது, உடம்பில் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். அப்புறம் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும். கூடவே தினமும் கோதுமைத் தவிடு வைத்தால் இன்னும் வேகமாகக் கரையும். இப்படி வளர்த்த ஒரு பெட்டையின் முகத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு உப்பி, கொழுக்கட்டை போல மேடு தட்டியிருந்தது. உடையவர் "நன்றாகச் சதை போட்டிருக்கிறது" என்றார். 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு 7, 8 கிலோ காய்ந்த புல்லோ சோளத்தட்டோ வேண்டும், அதோடு கொஞ்சம் குதிரைமசால். கோழித்தீவனமும் மாட்டுத்தீவனமும் பக்கத்திலேயே வரக்கூடாது. அவற்றில் சிலவற்றில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். லாடம், பல் ராவுவது, குடற்புழு மருந்து, ரணஜன்னி ஊசி இவையெல்லாம் அந்த 15,000 ரூபாயில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். உங்கள் குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கோ வேறு பிள்ளைகளின் வகுப்புக்கோ எடுக்கக்கூடாது என்பதையும் எழுத வேண்டும்.

வாங்காதீர்கள் என்றதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மகள் இந்த ஆறு மாதமும் ஏறிவரும் மையத்துக் குதிரையையே விற்பதாக இருந்தால் யோசிக்கலாம். அதன் கோபமும் பயமும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், தரகரும் நடுவில் இல்லை. அப்போதும் உடனே வாங்காதீர்கள். வாரம் மூன்று நாள் அவள் மட்டும் ஏறுவதாக மூன்று மாதம் வாடகை பேசுங்கள். அந்த நாட்களில் தீனி வைப்பது, சாணம் அள்ளுவது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாம் அவள் வேலை. மழை நாளிலும் பரீட்சைக்கு முந்தின நாளிலும் போகிறாளா என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் அதே குதிரை, அதே ஆசை என்றால், அப்போது மருத்துவப் பரிசோதனை. பரிசோதனையில் கால் தேறாவிட்டால், எவ்வளவு பழகிய குதிரையானாலும் வேண்டாம். அவள் அழத்தான் செய்வாள்.

இதையெல்லாம் ஒரு தகப்பன் தனியாக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இரண்டு கொட்டகையும் ஒரு பெயர்ப்பலகையும் இருந்தால் யாரும் பயிற்சி மையம் என்று சொல்லிக்கொள்ளலாம், வந்து பார்க்க ஆளில்லை. அரசு கால்நடை மருந்தகத்தில் குதிரை பார்த்துப் பழகியவர் கிடைப்பது அபூர்வம். நள்ளிரவில் வயிற்றுவலியில் புரளும் குதிரையை வைத்துக்கொண்டு வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் போன் போடுகிறவர்களை நான் அறிவேன். குதிரைக்கு வாந்தி வராது, வயிற்றில் தேங்கியது அந்த வழியில் வெளியேறாது, அதனால் காலையில் பார்க்கலாம் என்று விட முடியாது.

கடைசியாக, எந்தக் குதிரைக்கும் கிளாண்டர்ஸ் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். ரத்த மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் வரை போய்வர வேண்டியிருக்கலாம், நாளாகும். "அப்புறம் எடுத்துக்கலாம், இப்போ வண்டியில ஏத்திரலாம்" என்பார் தரகர். சான்றிதழில் உள்ள அடையாளக் குறிகளைக் குதிரையின் மேல் நீங்களே ஒத்துப் பார்க்கும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.