கொழும்புச் சம்பளம் கையில் மிஞ்சுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் கம்பனியில் சேர்ந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. சம்பளம் 85,000 ரூபா. வீட்டில் இருந்துதான் போய் வருகிறேன். இப்போது கொழும்பில் ஒரு கம்பனி 140,000 தருவதாகச் சொல்கிறது. வெள்ளவத்தையில் போடிங்குக்கு 30,000, சாப்பாட்டுக்கு 30,000 போகும் என்று விசாரித்துவிட்டேன். கூடப் படித்தவர்கள் வருசத்துக்கு ஒருக்கா மாறினால்தான் சம்பளம் ஏறும் என்கிறார்கள். அம்மா, இருக்கிற வேலையை விடாதே, அரசாங்க உத்தியோகம் வரும்வரை பொறு என்கிறா. எனக்கு வேலை பழக்கிய சீனியர் அண்ணா கனடா போய் ஆறு மாதம். அதற்குப் பிறகு நான் எழுதும் புரோகிராம் கோட்டை (code) யாரும் பார்ப்பதில்லை. சம்பளத்துக்காக இவ்வளவு சீக்கிரம் மாறுவது பிழையா?

– வாசகி, கோண்டாவில்

பதில்: பிழையே இல்லை, தங்கச்சி. உழைக்கத்தானே வேலைக்குப் போகிறோம். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் உங்கள் கணக்கை நான் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம். 85,000இல் 6,800 போக இப்போது கையில் வருவது 78,200. கொழும்பில் 140,000இல் 11,200 கழித்தால் 128,800. மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை, சரி. போடிங்கும் சாப்பாடும் 60,000 எடுத்துவிட்டால் மிச்சம் 68,800. இப்போது எடுப்பதைவிட 9,400 குறைவு! ஊருக்கு வந்துபோகும் பஸ் காசை இதில் நான் சேர்க்கவேயில்லை. கம்பனி கட்டும் 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் கூடும்தான், ஆனால் அது பின்னாளுக்கான காசு. அதுகூட 140,000 முழுவதுக்கும் கட்டுகிறார்களா, அதில் ஒரு பகுதிக்கு மட்டுமா என்று கேட்டு வையுங்கள்.

ஆகவே காசுக்காக மட்டும் என்றால் இந்த மாற்றம் இப்போதைக்கு உங்களுக்கு ஒன்றும் தராது. ஆனாலும் மாறுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய விசயம்: கோட்டை யாரும் பார்ப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வருடத்தில் பிழையைக் காட்டித் தர ஒருவர் இல்லாவிட்டால், அதே பிழை பழக்கமாகிவிடும். நாளைக்குக் கூடச் சம்பளம் கேட்கும் தைரியமும் பிழை திருத்திப் பழகிய கையில்தான் இருக்கிறது.

அதனால் கொழும்புக்காரரிடம் தொகையை மட்டும் பேசாதீர்கள். என் கோட்டை யார் வாசிப்பார், அவர் அங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார், முதல் மூன்று மாதம் என்ன வேலை தருவீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: யாழ்ப்பாணத்தில் இருந்தே வேலை செய்து, மாதத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் வரலாமா? கொரோனாக் காலத்துக்குப் பிறகு பல கம்பனிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. ஓம் என்றால் அந்த 60,000இல் பெரும்பகுதி உங்களிடமே நிற்கும்.

வருசத்துக்கு ஒருக்கா மாறு என்ற பேச்சில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் எழுதிய ஒரு பட்டியல் பக்கம் இருநூறு பதிவுகளோடு சட்டென்று திறக்கும். இரண்டு வருடத்தில் பதிவுகள் இரண்டு லட்சம் ஆனதும் அதே பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். டேட்டாபேஸில், பதிவைச் சட்டென்று தேடி எடுக்க உதவும் ஒரு இண்டெக்ஸ் போடாமல் விட்டதுதான் காரணம் என்று இரவிரவாகத் தேடிக் கண்டுபிடிப்பவர், அங்கேயே நின்றவர். பத்து மாதத்தில் கிளம்பியவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. போகிற இடத்தில் இரண்டு வருடமாவது நில்லுங்கள்.

அம்மாவின் பயத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பென்சன் உள்ள உத்தியோகம்தான் இங்கே எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. அவவிடம் இதைச் சொல்லுங்கள்: பணிக்கொடை ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும், ஆகவே இப்போது விலகுவதால் அதில் இழப்பில்லை. சேமலாப நிதியில் சேர்ந்த காசும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இங்கே வாயைத் திறக்காதீர்கள். உங்கள் பழைய கடிதத்தையும் எடுத்து, எத்தனை நாள் முன்னறிவித்தல், பயிற்சிக்கென்று ஏதாவது பொண்ட் (இத்தனை காலத்துக்குள் விலகினால் காசு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் சதம்கூடக் கட்ட வேண்டாம். பிறகு ஈமெயில் அனுப்ப முன்னம் மேலாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், செய்துகொண்டிருந்த வேலையை எழுதி ஒப்படைத்துவிட்டு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தத் துறையில் எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள், நாளைக்கு அவரே இன்னொரு கம்பனியில் உங்களை நேர்முகத் தேர்வு செய்யக்கூடும்.