மலைக்கு வந்ததும் கை அளவு ஏன் தப்புகிறது?

கேள்வி: மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. எப்போதும்போல் கை அளவாகத்தான் கல் உப்பு போடுகிறேன். ஆனால் சாம்பார் கரிக்கிறது, உருளைக்கிழங்கு மசாலாவோ சப்பென்று இருக்கிறது. என் நாக்குதான் கெட்டுவிட்டதா? – ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: உங்கள் நாக்கில் கோளாறு இல்லை. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது தெரியும், காய் மட்டும் வேகாது. அது வேகிற வரைக்கும் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும், உப்பு வற்றாது. 1 லிட்டர் சாம்பாருக்கு 9 கிராம், அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு போதும். அதே சாம்பார் முக்கால் லிட்டராகச் சுண்டினால் லிட்டருக்கு 12 கிராம் போட்ட கரிப்பு வந்துவிடும்.

புளி இறங்கிவிட்டால் காய் இன்னும் அடம்பிடிக்கும். அதனால் காயைப் பாதி உப்போடு வெறும் தண்ணீரில், மூடி போட்டு, முதலில் வேகவிடுங்கள். நசுக்கினால் நசுங்கும் பதம் வந்த பிறகு புளிக்கரைசல், அது பச்சை வாசனை போகக் கொதித்ததும் பருப்பு. மீதி உப்பு கடைசியில், குழம்பின் கெட்டி நிலைத்த பிறகுதான்.

கொதிக்கக் கொதிக்க நக்கிப் பார்த்து உப்பு சேர்க்காதீர்கள். அந்தச் சூட்டில் உப்பு முழுதாக உறைக்காது. ஒரு கரண்டியைத் தட்டில் விட்டு, வெதுவெதுப்பானதும் நாலு பருக்கை சோற்றோடு பிசைந்து பாருங்கள். சாப்பிடுவது சோற்றோடுதானே!

மேகம் இறங்கும் நாட்களில் கல் உப்பு நீர்த்துக் கையில் ஒட்டும், பிடி அளவு ஒரே மாதிரி வராது. இதற்கு உப்புக் கரைசலே நல்ல வழி. புதுப் பாக்கெட்டிலிருந்து 100 கிராம் கல் உப்பை நிறுத்து, வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, மொத்தம் அரை லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றுங்கள். 5 மில்லி டீஸ்பூனுக்குச் சரியாக 1 கிராம் உப்பு. பொரியலுக்கு மட்டும் இது வேண்டாம், நீர் கோத்துவிடும்.

உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்துக் கடைசியில் உப்பு தூவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உப்பு மேலோடு நின்றுவிடும். தோல் சீவி, துண்டாக்கி, லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்ட தண்ணீரில் வேகவையுங்கள். மசாலாவில் பிறகு ஒரு சிட்டிகை போதும். அங்கே கிடைக்கும் மலைப்பூண்டுக்கும் காரம் அதிகம். பத்துப் பல் போடும் இடத்தில் ஆறில் தொடங்குங்கள்.

உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுக்கச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுக்காது. குழம்பை உறிஞ்சும்போது அதிலுள்ள உப்பும் சேர்ந்து போகும், அவ்வளவுதான். மிஞ்சும் குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். அதற்குப் பதில் உப்பில்லாமல் வெந்த பருப்பில் அரைக் கப் எடுத்து வையுங்கள். கரித்தால் அதைக் கலந்து ஒரு கொதி விடலாம், தேவைப்படாவிட்டால் ராத்திரி ரசத்துக்கு ஆகும்.